கதவு அதிகமா, சக்கரம் அதிகமா? காரைக்குடி முதல் கும்பகோணம் வரை

மே 14, செவ்வாய்: பல்லவன் ரயில்

செங்கல்பட்டு தாண்டியதும் மகள் கேட்டாள்: "தாத்தா, உலகத்துல கதவு அதிகமா, சக்கரம் அதிகமா?"

முழுப் பரீட்சை முடிந்த கடைசி நாளில் இந்தக் கேள்வியால் அவள் வகுப்பே இரண்டு கட்சியாகிச் சண்டை போட்டிருக்கிறது. அவள் சக்கரக் கட்சி. அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கதவுதான் ஆத்தா. குடிசையா இருந்தாலும் ஒரு படலாவது வேணும். வண்டி எல்லார் வீட்லயும் இருக்கா?"

"என் பெட்டிக்கே நாலு சக்கரம். ஒரு கதவுகூட இல்ல. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அப்பாவுக்கு 76 வயது. அவருடைய அப்பா, என் தாத்தா, திருமயம் பக்கத்துக் கிராமத்தில் மர ஆசாரி. செட்டிநாட்டு வீடுகளில் நிலை, கதவு வேலைக்குப் போயிருக்கிறார். வேலை இல்லாத மாதங்களில் ஊரில் மாட்டுவண்டிப் பட்டறை. எந்தெந்த வீட்டில் வேலை பார்த்தார் என்று யாருக்கும் நினைவில்லை. "ஏதோ ஒரு வீடு, போய்ப் பார்த்தாப் போதும்மா" என்று அப்பா நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் இந்த வெயிலில் கிளம்பினோம்.

மகள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டாள். ஒரு பக்கம் 'க', மறுபக்கம் 'ச'. முதல் கணக்கு எங்கள் பெட்டி. ரயில் என்றால் சக்கரம்தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் ஒரு பெட்டிக்கு அடியில் எட்டே எட்டுச் சக்கரம்தான். கதவோ, ஏறி இறங்க நாலு, அதோடு கழிவறைக் கதவுகள், அடுத்த பெட்டிக்குப் போகும் வழியில் இருப்பவை, சுவிட்சுகளை மூடிவைத்திருந்த தகரக் கதவு என்று எட்டைச் சுலபமாகத் தாண்டிவிட்டது. அவளுக்கு முகம் தொங்கிப்போனது. "கூட்ஸ் வண்டில எண்ணெய் டாங்க்குக்குக் கதவே கிடையாது ஆத்தா" என்று அப்பாதான் ஆறுதல் சொன்னார்.

விழுப்புரத்தில் ஏறிய வடைக்காரர் இரண்டு வடை முப்பது ரூபாய் என்றார். ஆறிப்போயிருந்தது, ஆனால் உளுந்து நல்ல உளுந்து. காரைக்குடியில் இறங்கும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்திலும் தரையிலிருந்து சூடு கிளம்பியது.

மே 15, புதன்: கானாடுகாத்தான், ஆத்தங்குடி

காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். ஒரு செட் ஐம்பது ரூபாய். ஓரம் மொறுமொறுவென்றும் நடு பஞ்சுபோலவும் இருந்ததால் மகள் மூன்றாவது செட்டையும் கேட்டாள். பரிமாறிய அம்மா, "வெயில்ல சுத்தப் போறீக, வயித்தை ரொம்ப நிரப்பாதீக" என்று சொல்லி இரண்டு பணியாரத்தைத் தாளில் கட்டிக் கொடுத்துவிட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

ஆத்தங்குடி பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். இந்த ஊர் வீடுகளின் படம் எல்லோரும் பார்த்ததுதான். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலியப் பளிங்கு. படத்தில் வராத ஒன்று உண்டு. தலைவாசலுக்கு நேராக நின்று பார்த்தால் முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒவ்வொரு கட்டின் நிலையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் பின்தெருவில் திறக்கும் கதவு கையகலத்துக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நாங்கள் நின்றபோது அந்த வெளிச்சத்தை ஒரு சைக்கிள் கடந்து போனது. "ரெண்டு சக்கரம்!" என்று மகள் கத்தினாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியும் என் உள்ளங்கை நீளம். காலையில் கதவுகளைத் திறந்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறதாம். "சாயங்காலம் சாத்துறதுக்கும் ஒரு மணி நேரம். நடுவுல மழை வந்துட்டா என் பாடு அவ்வளவுதான்."

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அவன் குடும்பம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளின் பேரப்பிள்ளைகள் இப்போது சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அறைச் சாவியும் அவர்களோடு போய்விட்டது. ஒரு கதவைக் காட்டி, "நான் வந்து பதினாறு வருஷம் ஆச்சு. இது திறந்து நான் பார்த்ததில்ல" என்றார் அந்த அம்மா. கதவின் மேல் சந்தனமும் குங்குமமும் மட்டும் புதிதாக இருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் அவரே வைக்கிறாராம்.

மகளின் பென்சில் நின்றது. "திறக்காத கதவு கதவாம்மா?"

"கதவுதான். திறக்குறதுக்குன்னு செஞ்சதுதானே" என்றார் அப்பா. அதை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விதி ஒன்று என்று எழுதிக்கொண்டாள். இரட்டைக் கதவை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா என்று அடுத்த சண்டை. ஒரு நிலைக்கு ஒரு கதவு என்று முடிவானது, விதி இரண்டு. ஜன்னல்தான் பெரிய வில்லங்கம். நாம் ஜன்னல் கதவு என்றுதானே சொல்கிறோம்? அலமாரிக்கும் கதவுதான். தமிழில் எண்ணினால் கதவுக் கட்சிக்கு உலகம் முழுக்க இருக்கும் ஜன்னல்களும் சேர்ந்துவிடும். மகள் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "அப்படின்னா தீபாவளித் தரைச்சக்கரமும் சக்கரம்தான், பெருமாள் கையில இருக்கறதும் சக்கரம்தான்!" நியாயமான வாதம். ஜன்னலை விட்டுவிட்டோம். அப்படியும் அந்த ஒரு வீட்டில் 83.

அப்பாவை அரை மணி நேரமாகக் காணோம். தேடிப்போனால் இரண்டாம் கட்டுக் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். அவர் கதவின் அடிமூலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கீல் இல்ல பாத்தியாம்மா? குடுமி."

குனிந்து பார்த்தேன். கதவுப் பலகையின் ஓரம் மேலும் கீழும் விரல் நீளத்துக்கு உருண்டையாக நீண்டிருக்கிறது. அதுதான் குடுமி. மேல்குடுமி நிலையின் குழியிலும் கீழ்க்குடுமி படியின் குழியிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஆணி இல்லை, இரும்பு இல்லை. இரண்டு ஆள் கனமுள்ள கதவு மேலே மரத்துக்குள்ளும் கீழே கல்லுக்குள்ளுமாகச் சுழல்கிறது. அப்பா ஒரே விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் போய்ச் சுவரைத் தொட்டது.

"குழியில விளக்கெண்ணெய் விடுவாங்க. வண்டி அச்சுக்கு மை போடற மாதிரிதான். எங்கப்பாவுக்கு ரெண்டும் ஒரே வேலைன்னு இப்பத்தான் புரியுது."

கீழ்க்குழியைச் சுற்றி கல்படியில் அரைவட்டமாக ஒரு தேய்மானம் இருந்தது. எத்தனை வருஷம் எத்தனை பேர் திறந்து மூடினால் கல் அப்படித் தேயும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். இது தாத்தா பார்த்த வேலையா என்று அப்பாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மே 16, வியாழன்: காரைக்குடி

முனீஸ்வரன் கோயில் தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள். பங்காளிகளுக்குள் பாகம் பிரியாமல் இடிந்தும் இடிக்கப்பட்டும் போன வீடுகள் இங்கே துண்டு துண்டாக நிற்கின்றன. கஜலட்சுமி செதுக்கிய தலைவாசல் நிலை ஒன்று, சுவர் இல்லாமல் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதன் வழியாக அந்தப் பக்கம் தெரிந்தது ஒரு பழைய அம்மிக் குவியல். பக்கத்திலேயே மாட்டுவண்டிச் சக்கரங்கள், ஒன்று 4,500 ரூபாய். பெங்களூர்க்காரர்கள் வாங்கிப்போய்க் கண்ணாடி போட்டு மேசையாக்குகிறார்களாம்.

கடைக்காரர் நல்ல மனிதர். நாங்கள் எதுவும் வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் மூவருக்கும் நன்னாரி சர்பத் வரவழைத்தார். அப்பா ஆசாரி வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் ஒரு சக்கரத்தை வெளியே உருட்டிவந்து, "நீங்களே சொல்லுங்க அய்யா, இது எப்படி?" என்றார்.

அப்பா சொன்னதை மகளுக்காக எழுதிவைக்கிறேன். நடுவில் இருப்பது குடம். குடத்தில் பன்னிரண்டு ஆரக்கால். ஆரக்கால்களின் மறுமுனையில் ஆறு வட்டை, ஒவ்வொரு வட்டைக்கும் இரண்டு கால். இவ்வளவும் மரம். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது வெளியே இருக்கும் இரும்புப் பட்டா. அது சக்கரத்தைவிடச் சற்றே சின்னதாக இருக்க வேண்டும். தரையில் பட்டாவைப் போட்டு, சுற்றி வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு செக்கச்சிவந்து விரிந்ததும் நாலு பேர் இடுக்கியால் தூக்கிவந்து சக்கரத்தில் மாட்ட, மரம் புகைந்து தீப்பிடிக்கும். அப்போது தண்ணீர். "ஊத்தினதும் பட்டா சுருங்கும். ஒவ்வொரு மூட்டும் டக்கு டக்குனு உள்ள போய் உக்காரும். அந்தச் சத்தத்தை வெச்சே எங்கப்பா சக்கரம் நல்லா வந்திருக்கான்னு சொல்லிடுவாரு. நான் தண்ணிக்குடத்தோட நிப்பேன்."

நான் பிறந்து நாற்பத்து மூன்று வருஷத்தில் அப்பா இதைச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பட்டறை மூடப்பட்டது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு வானம் இருண்டு கோடை மழை கொட்டியது. விடுதிக்கு ஓடி வருவதற்குள் நோட்டு நனைந்து 'ச' பக்கத்தில் பாதி கரைந்துவிட்டது. மகள் அழுதாள். இழந்ததை ஈடுகட்ட நானே சக்கரக் கட்சிக்கு உதவினேன். அலுவலக நாற்காலி ஒன்றுக்கு ஐந்து சக்கரம். லெகோ பொம்மைக்காரர்கள் ஒரு வருஷத்தில் செய்யும் குட்டி டயர்கள் மட்டும் முப்பது கோடிக்கு மேல். அவளுக்கு உயிர் வந்தது. எண்ணிக்கை என்று பார்த்தால் சக்கரம்தான் ஜெயிக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. கதவை ஒரு வீட்டுக்கு, ஓர் ஆளின் உயரத்துக்குச் செய்ய வேண்டும். சக்கரத்தை யாருக்கென்று தெரியாமலே கோடிக்கணக்கில் செய்து கொட்டலாம். அப்பா மட்டும் அசையவில்லை. "பொம்மைச் சக்கரத்தை எண்ணுனா பொம்மை வீட்டுக் கதவையும் எண்ணணும்."

மே 17, வெள்ளி: வேதாரண்யம்

வாடகைக் கார். பட்டுக்கோட்டை வரை ஒரு குறையும் இல்லை. முத்துப்பேட்டைக்கு முன்னால் பின்சக்கரம் பஞ்சர். டிக்கியிலிருந்து எடுத்த ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. ஓட்டுநர் தம்பிக்கு என் முகத்தைப் பார்க்கவே கூச்சம். மணி பதினொன்றரை, நிழலுக்கு ஒரு புளியமரம்.

அந்த வழியாக டிவிஎஸ் ஐம்பதில் இளநீர் ஏற்றி வந்த ஒருவர் தானாக நிறுத்தினார். காய்களை இறக்கி எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாத்துக்குங்க, வந்துர்றேன்" என்று சொல்லி, டயரையும் ஓட்டுநரையும் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய்விட்டார். முன்பின் தெரியாதவர்களிடம் அறுபது இளநீரை விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் வருவதற்குள் பைக்கில் வந்த இருவர் இளநீர் கேட்டு நின்றார்கள். அப்பாவே வெட்டிக் கொடுத்து நாற்பது நாற்பதாக எண்பது ரூபாய் வாங்கி வைத்தார். அரிவாள் பிடித்த கையைப் பார்த்தால் தபால்காரர் கை மாதிரி இல்லை. பஞ்சருக்கு 150 ரூபாய். இளநீர்க்காரருக்குப் பெட்ரோல் காசு கொடுத்தபோது வாங்கவில்லை. எண்பது ரூபாயை மட்டும் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார்.

கார்க் கணக்கு: டிக்கியோடு சேர்த்துக் கதவு ஐந்து, ஸ்டெப்னியோடு சேர்த்துச் சக்கரம் ஐந்து. சரிசமம்.

வேதாரண்யத்தில் இறங்கியதும் காற்றில் உப்பு. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பு எடுத்த ஊர். நாங்கள் வந்தது கோயில் கதவுக்காக. வேதங்கள் பூசித்துவிட்டு அடைத்துப்போன கதவு என்று தலபுராணம். யாராலும் திறக்க முடியாமல் ஊரார் வேறு வாசல் வழியாகப் போய்வந்திருக்கிறார்கள். சம்பந்தர் கேட்டுக்கொள்ள, அப்பர் திறக்கச் சொல்லிப் பாடினார். பாட்டு மேல் பாட்டாகப் பாடியும் கதவு அசையவில்லை. இரக்கமில்லையா என்று இறைவனையே கேட்ட பிறகுதான் திறந்தது. தொழுதுவிட்டு வெளியே வந்ததும் சம்பந்தர் மூடச் சொல்லிப் பாடினார். முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது.

சின்ன வயதில் கேட்டபோது கதவு திறந்த அதிசயம்தான் பெரிதாக இருந்தது. இப்போது மனம் நின்றது வேறிடத்தில். அப்பர் வயதானவர். சிறுபிள்ளைக்கு ஒரே பாட்டில் நடந்தது தனக்கு நடக்கவில்லையே என்று அன்றிரவு அவர் வருந்தியதாகவும் கதை சொல்கிறது. அந்த வாசலில் அப்பா ரொம்ப நேரம் நின்றார். மகள் எதுவும் எண்ணவில்லை. நானும் எண்ணச் சொல்லவில்லை.

இரவு திருவாரூரில் தங்கல். புழுக்கம் தாங்கவில்லை. மின்சாரம் இரண்டு தடவை போனது.

மே 18, சனி: திருவாரூர், கும்பகோணம்

ஆழித்தேர். அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி, சுமார் 300 டன். இப்போது பங்குனி ஓட்டம் முடிந்து மரப்பகுதி மட்டும் நிற்கிறது. அதற்கே கழுத்து வலிக்கிறது. அடியில் திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரங்கள், ஹைட்ராலிக் பிரேக். மகள் ஒரு சக்கரத்தின் பக்கத்தில் நின்றாள். அவள் தலைக்கு மேலும் சக்கரம் இருந்தது. ஆழி என்றாலே சக்கரம் என்று அப்பா சொன்னதும் அவள் கண்கள் விரிந்தன.

பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் இளவயதில் முட்டுக்கட்டை போட்டவராம். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. ஓடிக்கொண்டே சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வைத்துத்தான் திருப்ப வேண்டும். "வடம் பிடிக்கிறவன் முன்னாடி பாத்துப் போவான். நாங்க சக்கரத்தை மட்டும்தான் பாப்போம். சாமியவே பாத்ததில்ல." வீதி முனைகளில் இரும்புத் தகடு போட்டுக் கிரீஸ் தடவித் திருப்புவதையும் சொன்னார். டீ 12 ரூபாய். இஞ்சி தூக்கலாக இருந்தது.

"தேர் எப்ப நிலைக்கு வரும்?" என்று அப்பா அவரிடம் கேட்டார். பதில் வருவதற்குள் மகள் இடைமறித்தாள். "தாத்தா, நிலைன்னா கதவுச் சட்டம்தானே?"

அப்பா அவளைப் பார்த்தார். தேர் வந்து நிற்கும் இடமும் நிலை, கதவைத் தாங்கி நிற்பதும் நிலை. இத்தனை வருஷம் இரண்டையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

கோயிலை ஒட்டி மனுநீதிச் சோழனின் கல்தேர். கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த ஐந்து நாள் எண்ணிக்கைக்குப் பிறகு அது வேறு மாதிரி கேட்டது. கன்று செத்தது சக்கரத்தில். பசு போய் நின்றது வாசலில்.

மத்தியானம் கும்பகோணம். டிகிரி காபி முப்பது ரூபாய், பித்தளை டபரா தம்ளரில். நாலு மணிக்குக் கோயில் திறக்கும்வரை காத்திருந்து சாரங்கபாணியைப் பார்க்கப் போனோம். பதினொரு நிலைக் கோபுரம். இங்கேயும் நிலை! உள்ளே கருவறையே தேர். யானையும் குதிரையும் பூட்டிய கல்தேர், பக்கவாட்டில் கல்சக்கரங்கள். அந்தத் தேருக்கு இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயண வாசல். ஒன்று திறந்திருக்கும் ஆறு மாதமும் மற்றது அடைத்திருக்கும்.

மகள் பென்சிலை எடுத்தாள். "கதவு ரெண்டு. பூட்டியிருக்கறதும் கதவுதான், விதி ஒண்ணு. அப்ப சுத்தாத சக்கரமும் சக்கரம்தானே தாத்தா?"

"சக்கரம்தான் ஆத்தா" என்றார் அப்பா. ஐந்து நாளில் சக்கரக் கட்சிக்கு அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒன்றுதான்.

உத்தராயண வாசல் வழியாகச் சேவித்துவிட்டு வந்தோம். அப்பா நேராகத் தட்சிணாயண வாசலுக்குப் போய்ப் படியருகே குனிந்தார். முட்டி வலிக்கிறவர், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல. அடிமூலையில் என்ன இருக்கிறதென்று பார்க்க முயன்றார். இருட்டில் தெரியவில்லை.

அந்தப் பக்கம் வந்த பட்டர், "என்ன தேடறேள்?" என்று கேட்டார்.

"கீலா, குடுமியான்னு பாக்குறேன் சாமி."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்த முகத்தோடு, "ஆடி ஒண்ணாம் தேதி வாங்கோ, திறந்திருக்கும்" என்றார்.

மகள் நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். 'க' பக்கத்திலும் இல்லை, 'ச' பக்கத்திலும் இல்லை. கோட்டின் மேலேயே எழுதினாள்: ஆடி 1, தாத்தாவோடு.